உள்ளே சிவப்பு

வெம்பிளி இறைச்சிக் கடையில் தொங்கிய காட்டுப் பறவையை விசாரித்தேன்.

"வேட்டைப் பறவை, ஐயா. கிருமி இருக்கும். உள்ளுக்கை சிவப்புப் போகுமட்டும் அவிய விடுங்கோ," என்றார் கடைக்காரர்.

அப்போது ஊரில் எனக்குப் பத்து வயது. கவணால் அடித்த சிறகி என்ற காட்டு வாத்தை நாள் முழுவதும் வெயிலில் ஒளித்து வைத்திருந்து, தேங்காய்ப் பொச்சுமட்டைத் தீயில் அரைகுறையாகச் சுட்டேன்.

"அண்ணை, உள்ளுக்கை சிவப்பாக் கிடக்கு," என்றாள் தங்கை.

"பயந்தாங்கொள்ளி! தின்னடி," என்று தொடையை நீட்டினேன். நான் கருகிய தோலைத்தான் தின்றேன்.

மூன்றாம் நாள் வயிற்றோட்டத்தில் அவள் இறந்தாள். "பழைய புட்டைக் குடுத்துப் பிள்ளையைச் சாக்காட்டிப் போட்டாய்," என்று அப்பா அம்மாவைத் திட்டினார். நான் வாய் திறக்கவில்லை. அதன்பிறகு அம்மா புட்டே அவிக்கவில்லை.

போன வருடம் இங்கே என் வீட்டில் இறப்பதற்கு முதல்நாள், "அந்தப் புட்டைக் கொட்டியிருக்கலாம், தம்பி," என்றார் அம்மா.

"ஓம் அம்மா," என்றேன்.