முனிர்கா அறையைப் பூட்டிய நாள்

விசாரணைக்கு வந்த அந்தத் தமிழ் அதிகாரியை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. தலைநகரில், ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸில், சித்தி வீட்டுக் கூடத்துப் பிரம்பு நாற்காலியில், தன் வீடு மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபதுகளின் கடைசி, நான் பள்ளி மாணவி, விடுமுறைக்கு அங்கே வந்திருந்தேன். மத்திய அரசு ஊழியரான சித்தப்பா, மனைவி பெயரில் ஒளிந்துகொண்டு வியாபாரம் செய்கிறார் என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருந்தார்கள். வேலையே போய்விடும் என்று சித்தப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

வியாபாரம் சித்தியுடையது. தன் வளையல்களை விற்று, கையால் ஓட்டும் பின்னல் இயந்திரங்கள் இரண்டை வாங்கி, அருகே முனிர்காவில் ஓர் அறை பிடித்து, பள்ளிக்கூடங்களுக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தாள். அந்தப் பக்கத்துப் பெண்கள் நான்கு பேர் அவளிடம் வேலை பார்த்தார்கள். நூல்காரனை அரைகுறை இந்தியில் அண்ணா என்று கூப்பிட்டு, “பையா, இது கம்பளியா, சாக்கா?” என்று கேட்டு, அவன் சிரித்து முடிப்பதற்குள் விலையைக் குறைத்துவிடுவாள்.

மனைவி தொழில் நடத்தினால் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும், விதி அவ்வளவுதான். சித்தப்பா தெரிவிக்கவில்லை. பெண்டாட்டி சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறவன் என்று ஆபீஸில் பேசிவிடுவார்களே என்ற வெட்கம். மனைவி பெயரில் டாக்ஸி வாங்கி வாடகைக்கு விட்ட ஆபீசர்கள் அந்நாளில் உண்டு. அதனால் வந்தவருக்கும் வேறு விதமாக யோசிக்கத் தெரியவில்லை. எவ்வளவு முதல் போட்டீர்கள், எங்கே விற்கிறீர்கள் என்று எல்லாவற்றையும் சித்தப்பாவிடமே கேட்டார்.

கதவோரம் நின்ற சித்தி சொன்னாள்: “முதல் போட்டது நான். நடத்தறதும் நான். என்னைக் கேளுங்கோ.”

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “காபி பிரமாதம் மாமி. இன்னும் ஒரு டம்ளர் கிடைக்குமா?” என்றார்.

சித்தி நகரவில்லை. அப்போதுதான் சித்தப்பா வாயைத் திறந்தார். “தொழில்னு பெரிசா ஒண்ணும் இல்லை சார். பொழுது போகலைன்னு ஏதோ பின்னிண்டிருக்கா.”

“அச்சா. அப்ப நிறுத்திடச் சொல்லுங்கோ. நஷ்டம் ஒண்ணும் இல்லையே.”

வேலை தப்பியது. மறுநாள் சித்தி என்னையும் அழைத்துக்கொண்டு முனிர்காவுக்குப் போய் அறையைப் பூட்டினாள். வாசலில் நின்ற நான்கு பெண்களுக்கும் அதுவரைக்குமான கூலியை எண்ணிக் கொடுத்தாள். அதன்பின் அந்த அதிகாரியைப் பற்றி அவள் பேசியதே இல்லை. சித்தப்பாவுக்கு மட்டும், அவர் ஓய்வு பெறும்வரை, தன் கையால் காபி கலந்து கொடுக்கவில்லை.

நாட்டுப் பொருளாதாரத்தில் பெண் தொழில்முனைவோரின் பங்கு பற்றி இப்போது மேடைதோறும் முழங்குகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கசக்கிறது. அந்த நான்கு குடும்பங்களின் அடுப்பு எந்தக் கணக்கில் வந்தது, எந்தக் கணக்கிலிருந்து போனது?

என் மகள் சொந்தமாக அச்சகம் நடத்துகிறாள். ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறாள். போன வாரம் விருந்துக்கு வந்தவர்களிடம் மாப்பிள்ளை, “வீட்ல சும்மா இருக்க வேண்டாமேன்னு நான்தான் வெச்சுக் கொடுத்தேன்” என்றார். பரிமாறிக்கொண்டிருந்த நான் கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு நிமிர்ந்தேன். வங்கிக் கடனுக்காக மகள் ஒற்றையாளாக அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

விருந்தினர்கள் சிரித்தார்கள். மகளும் சேர்ந்து சிரித்தாள். சித்தி அன்று சிரிக்கவில்லை.