ஐயாவும் மாமாவும் வயல் மாறிய கதை

பிள்ளைகளே, நான் உங்கள் வயதில் இருந்தபோது எங்கள் குடும்பமும் மாமாவின் குடும்பமும் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்துக்கொண்டிருந்தோம். ஐயா என் அப்பா; மாமா அம்மாவின் தம்பி. அரசாங்கம் காணி கொடுத்த நாளில் ஒரு தகரப் பேணிக்குள் சீட்டுத் துண்டுகளைப் போட்டுக் குலுக்கினார்களாம். ஐயா எடுத்த துண்டுக்கு வாய்க்கால் தொடங்கும் இடத்தில் முதல் வயல் கிடைத்தது. மாமா எடுத்ததற்கு அதே வாய்க்கால் முடியும் இடத்தில் கடைசி வயல்.

எங்களுக்குப் போகத்துக்குப் போகம் நெல் கொட்டியது. கல்வீடு கட்டினோம், ஐயா சைக்கிள் வாங்கினார். மாமா வீட்டுக் கூரை ஓலையாகவே இருந்தது. தான் விடிய நாலு மணிக்கு எழும்புவதும் மாமா எழும்பாததும்தான் காரணம் என்று ஐயா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லுவார். நானும் பள்ளிக்கூடத்தில் சொன்னேன், அதுவும் மாமாவின் மகனுக்கு முன்னால்.

ஒரு வருசம் சிறுபோகத்தில், அதாவது வெயில்கால விதைப்பில், குளத்தில் தண்ணீர் குறைவு. கிழமைக்கு இரண்டு நாள்தான் திறந்துவிட்டார்கள். மாமாவின் நெல் கதிர் தள்ளும் நேரம். அந்த முறையும் தண்ணீர் ஏறாவிட்டால் அவ்வளவும் பதர்தான். மாமா வந்து, கடைசி வயலுக்குத் தண்ணீர் வருவதில்லை என்று ஐயாவிடம் கதைத்தார்.

“நீ முதல் நித்திரையாலை எழும்பு தம்பி, தண்ணி தன்பாட்டிலை வரும்” என்றார் ஐயா.

மாமா சிரித்தார். “அப்ப இந்த முறைக்கு வயலை மாத்துவம் அத்தான். நான் உங்கடையிலை போய் நித்திரை கொள்ளுறன். நீங்கள் என்ரையிலை முழிச்சிருங்கோ.”

ஐயா ரோசக்காரர். “ஓம், மாத்துவம்” என்றுவிட்டார்.

தண்ணீர் திறந்த அன்று ஐயா இருட்டோடு மண்வெட்டியும் கையுமாகக் கடைசி வயலுக்குப் போனார். நானும் போனேன். வாய்க்காலைச் செதுக்கினார், வரம்பைக் கட்டினார், வேர்த்து ஒழுகினார். வெயில் உச்சிக்கு ஏறும்வரை அந்த வாய்க்காலால் வந்தது ஒரு தவளை மட்டும்தான்.

பிறகு ஐயா வாய்க்கால் கரையால் மேலே நடந்தார். வழியில் எல்லா வயல்களும் குடித்துக்கொண்டிருந்தன. கடைசியாக எங்கள் வயல். தண்ணீர் வரம்புக்கு மேலால் வழிந்து கழிவுக்கானுக்குள் போய்க்கொண்டிருந்தது. மருதமரத்தின் கீழே மாமா நல்ல நித்திரை. தண்ணீர் பாயும் வாயை அந்த அகலத்துக்கு வெட்டியவர் ஐயா. மாமா அதைத் தொடவேயில்லை.

ஐயா சேறு வெட்டிப்போட்டு வாயை அடைத்தார். திரும்பிக் கீழே வரும்போது ஒவ்வொரு வயலிலும் நின்று, “நான் என்ரையை அடைச்சிட்டன். நீங்களும் ஒருக்கால் அடையுங்கோ” என்று கேட்டார். முதல் வயல்காரரே அடைத்த பிறகு யார்தான் மறுப்பது? பொழுது சாய முன்னர் மாமாவின் வயலுக்குள் தண்ணீர் ஏறியது. மாமி சேலையோடு தண்ணீருக்குள் இறங்கி நின்று சிரித்தா; பிறகு அழுதா. மாமாவின் நெல் தப்பிவிட்டது.

எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. வீட்டுக்கு ஓடிப்போய், ஐயா எங்கள் வயலை அடைத்துவிட்டார் என்று அம்மாவிடம் முறையிட்டேன்.

குசினியில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அதுக்கென்ன மோனை, எங்கடைக்கு நாளைக்கும் தண்ணி வரும்.”

அம்மாவுக்குக் கவலையே இல்லையென்று கோபித்துக்கொண்டு படுத்தேன். அந்த வாய்க்கால் முழுவதிலும் அப்படிச் சொல்லக்கூடிய குசினி எங்களுடையது ஒன்றுதான் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.