ஜாடி அறைச் சாவி

குண்டூர்ப் பக்கம் பொன்னூரில் எங்கள் தெருவில் ஆவக்காய் போடும் நாளில் கோடேஸ்வரம்மாவைக் கூப்பிடாத வீடு இல்லை. அவள் கையால் உப்பு அள்ளிப் போட்டால் ஊறுகாய் அடுத்த கோடைவரை கெடாது. முப்பத்து நான்கு வயதில் அவளுக்கு ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு என்று தெரிந்தது. மூன்று வகை மாத்திரை போட்டும் இறங்கவில்லை.

"திருட்டுத்தனமா ஊறுகாய் தின்னா மாத்திரை என்ன செய்யும்?" என்றாள் அவள் 'வதினா' என்று கூப்பிடும் கணவரின் அக்கா தாயாரம்மா. ஊறுகாய் ஜாடி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கல்யாணப் பந்தியில் பரிமாற வந்தவரிடம், "அவ இலைக்கு ஊறுகாய் வேண்டாம்பா, நாக்கு நீளம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். பக்கத்து இலையில் கணவர் சாம்பய்யா தனக்கு இரண்டு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார். அதன்பிறகு ஆவக்காய் போட அவளை யாரும் கூப்பிடவில்லை. ஆறு வருஷம் உப்பில்லாத சோறு தின்றாள். ஒரு துண்டு மாங்காய்கூடத் திருடவில்லை.

ஒரு நாள் காலை, துணி உலர்த்தும்போது கால்கள் துவண்டு விழுந்தாள். குண்டூர் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் குறைந்திருந்தது. டாக்டரம்மா அதை ஏற்றிச் சரிசெய்துவிட்டுச் சொன்னார்:

"கிட்னி மேல ஒரு சுரப்பி இருக்கு. அதுல கட்டி இருந்தா ஹார்மோனைக் கொட்டி, உப்பை உடம்புலயே பிடிச்சு வச்சுக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளிடும். மூணு நாள் உப்பு தூக்கலா சாப்பிடுங்க. தினம் வந்து பிரஷர் பாருங்க. மூணாம் நாள் மூத்திரத்தைக் கேன்ல பிடிச்சுக் கொண்டு வாங்க. அவ்வளவு உப்புக்கும் ஹார்மோன் அடங்கலைன்னா, குத்தம் உங்க நாக்கு மேல இல்ல."

"உப்பா? இவளுக்கா?" என்றாள் தாயாரம்மா.

"ஊறுகாயே சாப்பிடட்டும்."

கோடேஸ்வரம்மா சாவியைக் கேட்கவில்லை. நட்டநடுப் பகலில் வீட்டு வாசலில் மணை போட்டு உட்கார்ந்தாள்.

"வதினா, உங்க கையாலயே போடுங்க."

தாயாரம்மா ஒரு துண்டு வைத்தாள்.

"இன்னும்."

"போதும்டி!"

"டாக்டரம்மா சொன்னதைக் குறைக்க நீங்க யாரு?"

"தாயாரம்மா, அப்படியே நெய்யும் ஊத்து!" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது. தெரு சிரித்தது. மூன்று நாளும் அதே வாசல், அதே மணை.

ஹார்மோன் அடங்கவில்லை. இடப்பக்கச் சுரப்பியில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. அறுத்து எடுத்தார்கள். இப்போது ஒரே மாத்திரை. அழுத்தம் நூற்று முப்பதைத் தாண்டுவதில்லை.

அந்தக் கோடையில் நர்ஸ் வீடு வீடாக வந்து அழுத்தம் பார்த்தாள். தாயாரம்மாவுக்கு நூற்று எழுபது. உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

"என்ன வதினா, திருடித் தின்னீங்களா?"

"எனக்கும் அந்தக் கட்டியா இருக்கும்டி. குண்டூருக்குக் கூட்டிட்டுப் போ."

"போகலாம், போகலாம். ஒரு ஆறு வருஷம் ஆகட்டும்." கோடேஸ்வரம்மா கையை நீட்டினாள். "முதல்ல சாவியை எடுங்க."