தன் சொல்லைத் தானே தாங்குவது

நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டேறுபவர்களுக்கு உறுதிமொழி சொல்லிக்கொடுப்பதுதான் அவர் வேலை. மனிதர் அதோடு விட்டால்தானே. நடுங்கி நிற்பவரிடம் குனிந்து, "இது சத்தியம் இல்லீங்க, உறுதிமொழி" என்று ஆரம்பித்துவிடுவார். வக்கீல்கள் கொட்டாவி விடுவார்கள். 'உறுதி சார்' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தச் சொல்மீது அவருக்கு அப்படியொரு பைத்தியம். அதற்கான 'அஃபர்மேஷன்' என்ற ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது, 'கெட்டிப்படுத்துவது' என்று பொருள் என ஒரு நீதிபதி எப்போதோ சொன்னதைப் பிடித்துக்கொண்டார். கடவுள் பேரில் சத்தியம் செய்வதே பாவம் என்று மறுத்து ஜெயிலுக்குப் போன ஒரு கூட்டத்துக்காகச் சட்டம் இறங்கிவந்து இந்த வழியைத் திறந்ததையும் தேடித் தெரிந்துகொண்டார். "சாமியையும் பிள்ளை தலையையும் இழுக்காம, தன் சொல்லைத் தானே தாங்கி நிக்கறதுதான் உறுதி" என்பார். வீட்டில் சாப்பிடும்போதும் இதே கதைதான். மனைவி காதில் வாங்கமாட்டாள். அவளுடைய தம்பி மட்டும் கன்னத்தில் கைவைத்துக் கேட்பான். அவனை அதே நீதிமன்றத்தில் தட்டச்சராகச் சேர்த்துவிட்டவரே இவர்தான்.

ஒரு வழக்கில் பிடிபட்ட தங்கச் சங்கிலி, பொருள் அறையிலிருந்து காணாமல் போனது. சாவி இவர் பொறுப்பு. பழியும் இவர் தலையில் விழுந்தது. அன்று சாவியைக் கேட்டு வாங்கிப் போனவர் தலைமை எழுத்தர். பக்கத்தில் நின்று பார்த்தது மைத்துனன் ஒருவன்தான். அவன் வாயைத் திறந்தால் இவர் வேலை பிழைக்கும். இல்லையென்றால் திருட்டுப் பட்டத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"நான்தான் பாத்தேனே மாமா. எதுக்குக் கவலைப்படுறீங்க?" என்றான் விசாரணைக்கு முந்தைய நாள்.

விசாரணையில் உறுதிமொழி சொல்லிக்கொடுக்க வந்தவர் புதியவர். பாதியில் தடுமாறி நின்றுவிட்டார். தான் குற்றம் சாட்டப்பட்டு நிற்பதே மறந்து, இவர் பழக்கதோஷத்தில் அடியெடுத்துக் கொடுத்தார்: "உண்மையைத் தவிர வேறெதையும் சொல்லமாட்டேன் என்று..." சாட்சிக் கூண்டில் நின்ற மைத்துனன் இவர் முகத்தைப் பார்த்தே ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னான். பிறகு தலைமை எழுத்தர் பக்கம் பார்வையை ஓட்டினான். அவன் வேலை நிரந்தரமாவது அந்த மனிதர் கையில்தான் இருந்தது.

"சாவிய யார் வாங்கினாங்கன்னு நான் பாக்கலைங்க."

வேலை போனதைக்கூட இவர் பொறுத்துக்கொண்டிருப்பார். தன் வாயால் எடுத்துக் கொடுத்த சொல்லின் மேலேயே ஏறி நின்று அந்தப் பயல் பொய் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டு வாசலிலேயே மனைவி மறித்தாள். "தம்பி எல்லாத்தையும் சொன்னானா?"

அவர் செருப்பைக் கழற்றினார். "நான் சொல்லிக்கொடுத்த வரைக்கும் சரியாச் சொன்னான்."