காத்துக் குளியல்

என் மகள் வீட்டில் விளக்குமாறு கிடையாது. பிரான்சில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில், நான்காவது மாடி வீடு. வந்த மறுநாள் காலையில் கதவுக்குப் பின்னால் தேடினேன், சமையலறை மூலையில் தேடினேன், இல்லை. ஸ்டெல்லா ஒரு துணியை நனைத்துப் பிழிந்து மேசை, சன்னல் விளிம்பு, தரை எல்லாவற்றையும் அதனாலேயே துடைக்கிறாள். காய்ந்த தூசியைக் கிளப்பிவிடக் கூடாதாம். எனக்கு இது சரிப்படவில்லை. ஊரிலிருந்து வரவிருந்த ஒருவரிடம் சொல்லித் தென்னை விளக்குமாறு ஒன்றை வரவழைத்தேன். அவள் வேலைக்குப் போனதும் வாசலையும் மாடிப்படியையும் பெருக்கினேன். எதிர்வீட்டு மதாம் எட்டிப் பார்த்து ஏதோ சொன்னாள். பாராட்டுகிறாள் என்று நினைத்து "மெர்சி மதாம்" என்றேன். உள்ளே போனவள் குப்பைப் பையைக் கட்டி எடுத்துவந்து என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டடத்துக்குப் புதிதாக வந்த துப்புரவு ஆள் என்று நினைத்திருக்கிறாள். பன்னிரண்டு பேருக்கு வேலை கொடுத்தவன் நான். மறுத்துச் சொல்லும் அளவுக்கு என்னிடம் பிரெஞ்சு இல்லாததால், கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

நான் யார் என்று அந்த மதாமுக்குத் தெரியாது, ஊரில் தெரியும். புதுச்சேரியில் கடற்கரைப் பக்கம் நடக்கிறவர்கள் இரும்புக் கேட்டுகளின் கீழ்மூலையைக் குனிந்து பாருங்கள். கட்டைவிரல் அகலத் தகட்டில் 'லூர்து' என்று பொறித்திருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் பெயர் பழைய பிரெஞ்சுக்காரன் வீட்டு வாசலிலும் இருக்கிறது என்றால் சும்மா வந்ததில்லை. கிரில் பட்டறை ஒன்றில் நானும் குருசுக்குப்பம் சின்னப்பனும் எடுபிடிகளாகச் சேர்ந்தோம். அவன் அங்கேயே நின்றான். நான் தட்டாஞ்சாவடியில் சொந்தமாகக் கேட்டுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை போட்டு அவனையும் கூட்டிக்கொண்டேன். நம் ஊர் உப்புக்காற்றில் எந்தப் பெயின்டும் இரண்டு மழைக்காலத்துக்குமேல் நிற்காது. என் பெயின்ட் நின்றது. அதற்குக் காரணம் சென்னையிலிருந்து ஒரு விற்பனைக்காரர் கொண்டுவந்த வெள்ளைத் தூள். ஒரு கிலோ பை தலையணை அளவு இருக்கும், தூக்கினால் கனமே தெரியாது. 'நானோ' தூள் என்றார், கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நுண்ணிய பொடியாம். பெயின்டில் கலந்தால் உரியாது என்றார். உரியவில்லை.

கலக்குகிற வேலை சின்னப்பனுடையது. பையைப் பிரித்தால் தூள் புகைபோல எழும்பி, இறங்க மனசில்லாமல் அந்தரத்திலேயே நிற்கும். எங்களுக்கு அது வேடிக்கை. சாயங்காலம் எல்லோரும் வெள்ளைவெளேரென்று இருப்பார்கள். என் பட்டறை ஆள் அழுக்கோடு வீட்டுக்குப் போகக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். காற்றடிக்கிற கம்ப்ரசரின் குழாயை, ஓஸைத் திறந்து ஒருவர்மேல் ஒருவர் காற்றடித்துக்கொள்வார்கள். அதற்குக் காத்துக் குளியல் என்று பெயர் வைத்தவனும் நான்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும் ஸ்டெல்லா தானும் வரிசையில் நிற்பாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பாவாடை படபடக்க, சிரித்துக்கொண்டே நிற்பாள். அந்த ஓஸைப் பிடித்தது என் கை.

அவள் படித்துப் படித்து இங்கே வந்து சேர்ந்தாள். மருத்துவ ஆராய்ச்சி. அந்த மாதிரி நுண்ணிய தூள்கள் உடம்புக்குள் போனால் என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் வேலை. எலிகளின் நுரையீரலில் செலுத்திப் பார்க்கிறாள், கண்ணாடித் தட்டில் வளர்க்கும் உயிரணுக்கள்மேல் தூவிப் பார்க்கிறாள். ஊரில் உறவுக்காரர்கள், "உம் பொண்ணு டாக்டராமே, ஊசி யாருக்குப் போடுது, எலிக்கா?" என்று கேலி பேசினார்கள். பெரிய ஆராய்ச்சி, உங்களுக்குப் புரியாது என்று அடித்துப் பேசிவிடுவேன். எனக்கும் புரியாது. ஒருநாள் நேராகவே கேட்டேன், இத்தனை வருசமாகப் பார்க்கிறாயே, அந்தத் தூள் கெடுதலா இல்லையா என்று. எந்தத் தூள், எவ்வளவு பொடிசு, எத்தனை நாள் மூச்சில் போனது என்பதைப் பொறுத்தது என்றாள். எலிக்கு நெஞ்சு வீங்குவதைப் பார்த்திருக்கிறாளாம், மனுசனுக்கு இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். தெரியாது என்று சொல்கிறவனுக்கு என் தொழிலில் ஆர்டர் கிடைக்காது. தெரியாது என்று சொல்வதையே தொழிலாக வைத்திருக்கும் மகளை எப்படிப் பெருமையாகப் பேசுவது என்று எனக்குத் திண்டாட்டமாக இருந்தது.

போன இலையுதிர்காலத்தில் அவள் ஒரு பெரிய கூட்டத்தில் பேசினாள். நான் கோட்டு போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை புரியவில்லை என்றாலும் முகத்தைப் புரிந்ததுபோல வைத்திருந்தேன். திடீரென்று திரையில் ஒரு படம் வந்தது. ஆட்களின் முகங்களை மறைத்திருந்தார்கள். ஆனால் நீலக் கம்ப்ரசரும் அதன்மேல் நானே தூரிகையால் எழுதிய 'மாதா துணை'யும் எனக்குத் தெரியாதா? என் பட்டறை. நான் கொடுத்த காத்துக் குளியல் போட்டோ. இத்தனை பிரெஞ்சுக்காரர்கள் முன்னால் மகள் என்னைக் கௌரவிக்கிறாள் என்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எழுந்தேன். திரும்பி நின்று எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டேன். இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள், அதுவும் உடனே நின்றுபோனது. மேடையில் ஸ்டெல்லா தண்ணீர் குடித்தாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன், அந்தப் படத்தைக் காட்டி என்ன சொன்னாய் என்று. சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். தரையில் படிந்துவிட்ட தூள் அவ்வளவாக மூச்சுக்குள் போகாது. அதைக் காற்றடித்துக் கிளப்புவதுதான் செய்யக்கூடாத காரியம். அதற்கு எடுத்துக்காட்டாக அந்தப் படம்.

"அப்பன காட்டிக் குடுத்துட்ட" என்றேன்.

"உங்க பேர நான் சொல்லவே இல்லப்பா. நீங்கதான் எழுந்து நின்னுட்டீங்க."

மார்கழியில் அவளே இன்னொன்றையும் சொன்னாள். ஊருக்குப் பேசும்போது சின்னப்பன் மாமாவுக்கு மூச்சு இரைப்பது போனிலேயே கேட்டதாம். பீடி குடித்த நெஞ்சு என்று ஆஸ்பத்திரியில் எழுதிவிட்டார்களாம். என்ன தூளில், எத்தனை வருசம், எப்படி வேலை செய்தார் என்று முதலாளி ஒரு கடிதம் கொடுத்தால் அந்தக் கோணத்திலும் சோதித்துப் பார்ப்பார்களாம். "நீங்க எழுதிக் குடுக்கணும்ப்பா" என்றாள். அவன் பீடி குடித்தது உண்மைதானே என்றேன். அது எனக்கும் தெரியும் என்றாள். நான் எழுதவில்லை. எழுதினால் ஊரெல்லாம் கேட்டில் இருக்கும் என் பெயர் என்ன ஆவது என்பதுதான் மனதில் ஓடியது. இதை மறைக்காமல் சொல்கிறேன்.

தை மாதம் ஊருக்குப் போனேன். முதலில் பட்டறைக்குத்தான் போனேன், இப்போது தம்பி மகன் நடத்துகிறான். சாயங்காலம் பையன்கள் ஓஸைத் திறந்தார்கள். நிறுத்துங்கடா என்றேன், ஈரத்துணியால் துடையுங்கள் என்றேன். "நீங்க ஆரம்பிச்சு வெச்சதுதான பெரியவரே" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என்மேலும் ஒருதடவை காற்றடித்துவிட்டார்கள், மரியாதைக்கு.

மறுநாள் குருசுக்குப்பம். சின்னப்பன் கட்டிலில் சாயாமல், முட்டியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆளில் பாதிதான் இருந்தான். பிரான்சில் என் மகளின் வீடு, லிப்ட், மலை என்று நான் பாட்டுக்கு அளந்துகொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவன் நடுவில் நிறுத்தினான்.

"லூர்து, பாப்பா அதத்தான படிக்கிது. அந்தத் தலகாணி மூட்டையாலதான் எனக்கு இப்டியா?"

வாய் வரை வந்தது, உன் பீடிதான் என்று. ஓஸைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற சாயங்காலங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

"தெரியலடா" என்றேன். வாழ்நாளில் ஒரு வாடிக்கையாளரிடமும் நான் சொல்லாத வார்த்தை.

அங்கேயே அவன் பேத்தியின் நோட்டில் ஒரு தாள் கிழித்து எழுதினேன். என் கையெழுத்து கோணல், எழுத்துப் பிழையும் இருக்கும். இந்தத் தூளை வாங்கிக் கொடுத்தது நான். பதினைந்து வருசம் இவன் கலந்தான். மூக்கில் துணி கட்டு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கடைசியில் காற்றடித்துச் சுத்தம் செய்யச் சொன்னதும் நான்தான். இவன் பீடியும் குடித்தான். இவ்வளவுதான் எழுதினேன். கீழே பெயரைப் போட்டேன். சின்னப்பன் தாளை வாங்கித் தூரத்தில் பிடித்து வாசித்தான். இருமி முடிக்க நேரம் ஆனது.

"இத்தினி நாளா கேட்டுலதான் உம் பேரப் போட்ட. இப்ப என் நெஞ்சிலயும் போட்டுட்ட" என்றான். அவன் சிரித்ததால் நானும் சிரித்தேன். சோதனைகள் இன்னும் நடக்கின்றன. பதில் ஒன்றும் வரவில்லை. வரும்போது அது 'தெரியாது' என்றே இருக்கலாம் என்று ஸ்டெல்லா முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறாள்.

பிரான்சுக்குத் திரும்பி வந்ததும் அவள் என்னையும் விடவில்லை. அந்தக் காற்றில் நீங்களும்தானே நின்றீர்கள் என்றாள். நீயும்தானே நின்றாய் என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனாள். விமான நிலையத்தில் என் பெட்டியை எத்தனை தடவை திறந்து பார்த்திருக்கிறார்கள், ஊறுகாய்ப் பாட்டிலைக்கூட முகர்ந்தார்கள். தட்டாஞ்சாவடித் தூளை எதில் வைத்துக் கொண்டுவந்தேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. வளையம்போல இருந்த இயந்திரத்துக்குள் என்னைப் படுக்கவைத்து நகர்த்தினார்கள். மூச்சை இழு என்றது ஒரு பெண்குரல், பிரெஞ்சில். ஸ்டெல்லா முன்பே சொல்லிக்கொடுத்திருந்ததால் இழுத்தேன். பிடி என்றது. பிடித்தேன். இயந்திரம் சுற்றுகிற சத்தம் எனக்குக் கம்ப்ரசர் சத்தமாகத்தான் கேட்டது. சத்தம் நின்றது. குரல் வேறு ஏதோ சொன்னது. விடலாம் என்பதாக இருக்கலாம், இன்னும் கொஞ்சம் பொறு என்பதாகவும் இருக்கலாம். மூச்சை விடாமல் கிடந்தேன். தலையைத் திருப்பினால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா நின்றுகொண்டு உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டினாள். வாய் அசைந்தது. தமிழில் சொல்கிறாளா பிரெஞ்சில் சொல்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.