நீல வளையத்து வாத்து

வாத்தின் கீழிமையை விரலால் இழுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்க்கிறாள் மாடம்மாள். மஞ்சள் இல்லை. அடுத்ததைத் தூக்குகிறாள். அதிலும் இல்லை. யாரும் சொன்ன வேலையல்ல இது. கூடு கழுவவும் தீனி வைக்கவும்தான் அவளுக்குச் சம்பளம்.

திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் பின்புறம் அந்த வாத்துக் கொட்டகை. மனிதருக்கு வரும் மஞ்சள்காமாலைக் கிருமியின் பங்காளி ஒன்று எல்லா வாத்துகளின் ரத்தத்திலும் இருக்கிறது. காலில் சிவப்பு வளையம் போட்டவற்றுக்குக் கீழாநெல்லியிலிருந்து எடுத்த மருந்தை ஊசியில் ஏற்றுகிறார்கள். நீல வளையத்துக்கு வெறும் உப்புநீர். ஆனால் எதுவும் துவண்டு கிடக்கவில்லை. தவிட்டைக் கண்டால் முண்டியடிக்கின்றன.

"சீக்குன்னு சொல்லுதாவ. தீனி வைக்கப் போனா கையைப் பிடுங்குது. இது என்ன எளவு சீக்கோ!" என்பாள்.

வீட்டிலும் அதே கதைதான். தம்பானூரில் லாட்ஜ் கட்டுமிடத்தில் கொத்து வேலை பார்க்கும் அவள் புருஷன் வன்னியபெருமாள், யாருக்கோ ரத்தம் கொடுக்கப் போனான். ரத்தத்தில் மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாளே சாரம் ஏறிவிட்டான். மாடம்மாள் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்கிறாள். அவன் தட்டைத் தனியாக ஒதுக்கினாள். மனம் கேட்காமல் மறுபடி சேர்த்து வைத்தாள்.

போன வாரம் டாக்டர் விஜயலக்ஷ்மி கொட்டகைக்கு வந்தார். கோட்டைக்குள் அக்ரஹாரத்துக்காரர், இந்த ஆராய்ச்சியே அவருடையது.

"மாடம்மா, ஒரு வாத்துக்கு ரத்தம் சுத்தமாயிடுத்து."

அவள் சிவப்பு வளையங்களின் பக்கம் ஓடினாள்.

"அங்கே இல்லே. இந்த நீலம்."

"தண்ணி ஊசி போட்டதா?"

"ஆமா. தானா மாறிடுத்து. மருந்து போட்டதுல ஒண்ணுக்கும் மாறல்லே. ஏன்னு எனக்கே புரியல்லே, கேட்டியா."

"தானா மாறும்னா எங்க வீட்டு அவியளுக்கும் மாறுமா?"

"மாறலாம். மாறாமலும் இருக்கலாம். வாத்து வேறே, மனுஷா வேறே இல்லியோ."

"பின்னே எதுக்கு டாக்டரம்மா வாத்து வளக்கிய?"

டாக்டர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

அன்று வேலை முடிந்ததும் மாடம்மாள் தன் சோற்றுத் தூக்கைக் குழாயடியில் தேய்த்துக் கழுவினாள். முந்தானையால் ஈரம் போகத் துடைத்து, டாக்டரின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அந்தத் தண்ணியில கொஞ்சம் தாங்க."

"அது வெறும் உப்புத் தண்ணி, மாடம்மா."

"தெரியும்" என்றாள். தூக்கை நீட்டிய கை அப்படியே இருந்தது.