சித்தியின் சிவப்பு மூடி

மாலினி சித்தி இறந்த செய்தி, டியூஷன் முடிந்து கைப்பேசியைத் திறந்தபோது குடும்பக் குழுவில் வந்திருந்தது. அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஆறு வருடங்களுக்கு முன் இதே குழுவில்தான் பெரியம்மா, "மாலினி குடிக்க ஆரம்பிச்சிட்டா போல, நடையப் பாருங்க" என்று எழுதினார். அதற்கும் வரிசையாக வந்தன, சிரிக்கும் முகங்கள்.

நேற்று எங்கள் வீட்டில் அழுத உங்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். அம்மா தூங்கிய பிறகு, போர்வைக்குள். இரண்டு வாரமாக என் இடது கண்ணை அசைத்தால் வலிக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. சித்திக்கும் இப்படித்தான் தொடங்கியது.

சித்தி அம்மாவின் தங்கை. ஜார்ஜ்டவுனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரத்தம் பரிசோதிக்கும் வேலை. உடம்பின் காவல் அணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்தி மூலக்கூறுகளை அளப்பார். சைட்டோகைன் என்பார். அது என்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"நம்ம குடும்பக் குரூப்தாண்டி பாப்பா. ஒருத்தி கொளுத்திப் போட்டா போதும், மத்தவங்க என்ன ஏதுன்னு கேக்காம அடிக்க வந்துருவாங்க. 'போதும்லா, விடுங்க'ன்னு சொல்றதும் அதுல உண்டு. அது சத்தம்தான் எடுபடாது."

சிலருக்கு அந்தத் தவறான அழைப்பைக் கேட்டுக் காவல் அணுக்கள் மூளைக்குள் புகுந்து நரம்பின் மேலுறையை அரித்துவிடும். அந்த நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். "மொதக் கூப்பாட்டிலயே அடக்கணும். ஊரே கூடிட்டா அப்புறம் கஷ்டம்" என்பார் சித்தி.

அவருக்கு வலது கண் வலித்தபோது, சாப்பாட்டு மேசையில் இருந்த மிளகாய் சாஸ் புட்டியின் சிவப்பு மூடியை எடுத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தார். "இந்தக் கண்ணுல ரத்தச் செவப்பு. அந்தக் கண்ணுல வெளுத்த செங்கல். அக்கா, நான் ஸ்கேன் எடுக்கணும்."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சுங்கை பாக்காப்புலேர்ந்து வர்ற நேரத்துல ஸ்கேனா?" என்றார் அம்மா. "தைப்பூசத்துக்குப் பால்குடம் எடு. எல்லாம் சரியாப் போயிரும்."

ஊரார் இரத்தத்தையெல்லாம் படித்த சித்தி, அக்காவின் பேச்சைக் கேட்டார்.

உடம்பு சூடேறினால் பழுதான நரம்பு இன்னும் தடுமாறும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் படிகளில், பாதி வழியில், சித்தியின் கால்கள் பின்னின. உடல் ஆடியது. குடத்துப் பால் தோளில் வழிந்தது.

"சாமி வந்திருச்சு!" என்று கத்தினார் பெரியம்மா. உறுமி மேளக்காரர்களை அருகே அழைத்தார்கள். நிழலுக்குப் போகவிடாமல் வெயிலிலேயே சுற்றி நின்று திருநீறு அள்ளிப் பூசினார்கள்.

"யாருன்னு சொல்லு தாயே! என் மவனுக்கு எப்ப வேலை கெடைக்கும்?"

சித்தி என் கையைப் பிடித்தார். "பாப்பா, கண்ணு தெரியல. நெழலுக்குக் கூட்டிட்டுப் போ."

மேளச் சத்தத்தில் அது எனக்கு மட்டும்தான் கேட்டது. எனக்குப் பதினோரு வயது. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பேசாமல் இருந்துவிட்டேன்.

சித்தி விழுந்தார். வாக்கு எதுவும் வரவில்லை. "சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல, நடிப்பு" என்றார் மகனுக்கு வேலை கேட்டவர். மறுநாள் குழுவில் குடிகாரியானார். அது சுங்கை பாக்காப் வரை போனது. மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஸ்கேன் எடுத்து, மருந்து தொடங்கியபோது உடம்புக்குள் ஊரே கூடிவிட்டிருந்தது. சக்கர நாற்காலியில் இருந்தவரைப் பார்க்க வந்த நீங்கள், பால் கொட்டிய பாவம் என்றீர்கள். நீங்கள் போன பிறகு சித்தி சிரித்தார். "சாமிக்கு எம்மேல என்னடி கோவம்? அடிக்கிறது எல்லாம் சொந்தக்காரன்தான்."

அந்த மூடி இப்போது என்னிடம் இருக்கிறது. வலது கண்ணால் பார்த்தேன், இரத்தச் சிவப்பு. இடது கண்ணால் பார்த்தேன், வெளுத்த செங்கல். மூன்று முறை பார்த்துவிட்டேன்.

இதைக் குடும்பக் குழுவில் போடப்போகிறேன். காலையில் அம்மாதான் முதலில் பார்ப்பார். சித்தியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த மூடியும், அன்று படியில் நான் உங்களிடம் சொல்லாமல் விட்ட வார்த்தைகளும்தான்.

கண்ணு தெரியல. நெழலுக்குக் கூட்டிட்டுப் போங்க.